கேமராவுக்குக் குறுக்கே

பன்னிரண்டு வருஷமாக ஜெயக்கொடி கர்த்தரிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுவந்தாள். மகளுக்கு வலிப்பு வரக் கூடாது. இப்போது ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, வலிப்பு வர வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும் என்று ஜெபிக்கச் சொன்னால் எந்தத் தாய்க்கு வாய் வரும்? கண்ணை மூடுவாள், "ஆண்டவரே" என்பாள், அதோடு நின்றுவிடும். மேற்கொண்டு எதைக் கேட்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

மகள் மகிமாவுக்கு இருபத்துமூன்று வயது. மூன்று விதமான மாத்திரை, காலையிலும் இரவிலும். அத்தனையும் விழுங்கியும் மாதத்துக்கு நாலைந்து தடவை அது வந்துகொண்டுதான் இருந்தது. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்றார் டாக்டர் மஹீன். மூளையில் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட ஆபரேஷன் இருக்கிறதாம். பலபேருக்கு அதோடு நின்றுபோயிருக்கிறதாம். ஆனால் கண்டுபிடிக்க வேண்டுமே! அதற்குத்தான் இந்த ஐந்து நாள். தலை முழுக்க வயர் ஒட்டி, எதிர்ச் சுவரில் கேமரா வைத்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி, வலிப்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். வந்ததும், உடம்பில் எது முதலில் அசைந்தது, அதே நொடியில் மூளையில் எங்கே அலை கிளம்பியது என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். இந்தக் கட்டிலுக்காக எட்டு மாதம் காத்திருந்தார்கள். இதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஜெயக்கொடியின் புருஷன் சாலமோன் காசிமேட்டில் கயிற்றுக்கடை வைத்திருந்தார். படகுக்காரர்களுக்குக் கயிறு, மிதவை, வலை நூல். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. கடைக்கு மேலேயே வீடு. தாயும் மகளும் ஊரில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருப்பதாகத் தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது. சொன்னது என்னவோ நாசரேத். இருப்பதோ வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிஷத்தில். ஜன்னல் திரையை விலக்கினால் துறைமுகத்துக் கிரேன்களும், பாலத்தடியில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளும் தெரியும். நாலாவது மாடியை அண்ணாந்து பார்த்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்க எந்த லாரிக்காரனுக்கும் வேலையற்றுப் போய்விடவில்லை. இருந்தாலும் ஜெயக்கொடி திரையை விலக்க விடவில்லை. பட்டப்பகலிலும் அந்த அறையில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் மகிமாவின் தலையில் வயர் ஒட்ட வந்தவள் சாண்ட்ரா. இருபத்தைந்து வயசு டெக்னீஷியன் பெண், கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்யும்.

"ஆண்ட்டி, நல்லா கேட்டுக்கோங்க. ஃபிட்ஸ் வருதுன்னு தெரிஞ்ச ஒடனே இந்த செவப்பு பட்டனை அமுக்கிடணும். போத்திகினு இருந்தா போர்வையை இஸ்து அப்பால போட்டுடணும். கை, காலு, மூஞ்சி அல்லாம் கேமராவுல தெரியணும். நீங்க குறுக்க வந்து நிக்கவே கூடாது. தள்ளி நின்னுகினு பேரு இன்னா, இது இன்னா கலருன்னு கேட்டுகினே இருக்கணும். புர்தா?"

"சரிம்மா."

"அல்லாரும் சரின்னு தான் சொல்றாங்க. வந்தப்பறம் கை காலு ஓடாது அவங்களுக்கு." சாண்ட்ரா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள், ஜெயக்கொடியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்க கயித்துக்கடை அண்ணாச்சி வூட்டுக்காரம்மா தானே? எங்க நைனா உங்க கடையில தான் கயிறு வாங்குவாரு. நாங்க காசிமேடு தான்."

ஜெயக்கொடி கதவை எட்டிச் சாத்திவிட்டு வந்தாள். "யாருகிட்டயும் சொல்லிராத தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"இதுல சொல்றதுக்கு இன்னா கீது ஆண்ட்டி? சுகரு, பி.பி. மாரி இதுவும் ஒரு நோவு. நான் ஏன் போய் சொல்லப் போறேன்?" என்று சாண்ட்ரா அடுத்த வயரை எடுத்தாள். அவள் அதை அந்த நிமிஷமே மறந்துவிட்டாள். ஜெயக்கொடி அப்படி மறக்கிற ஆள் இல்லை.

மறைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மகிமாவுக்கு முதல் தடவை வந்தது பதினோரு வயதில், ஓய்வுநாள் பள்ளியில், மனப்பாட வசனம் ஒப்பிக்கும்போது. காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாள், மயக்கம் என்று சொல்லிச் சமாளித்தாள் தாய். இரண்டாவது தடவை வீட்டில். மூன்றாவது தடவைக்குள் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. வருவதற்குப் பத்து நொடி முன்னால் மகிமா இரண்டு முறை எச்சில் விழுங்குவாள், பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும். அந்தப் பத்து நொடி போதும். கதவைச் சாத்துவாள், பிள்ளையைப் படுக்க வைப்பாள், இரும்பு பிடித்தால் அடங்கும் என்று வீட்டுச் சாவிக்கொத்தை இடது கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடிப்பாள், தலையிலிருந்து கால் வரை போர்வையை இழுத்து மூடி அதன் மேல் கவிழ்ந்துகொள்வாள். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். யாராவது கேட்டால் தலைவலி, படுத்திருக்கா.

"ஏட்டி, மூஞ்சிய ஏன் மூடுத?" என்று சாலமோன் ஒரு தடவை கேட்டிருக்கிறார்.

"பாக்க சகிக்கல" என்றாள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எதிர்வீட்டு மாடிக்கு இந்த வீட்டின் கூடம் தெரியும். சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வருவார்கள். பெண்ணுக்குக் காக்கா வலிப்பு என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், காலத்துக்கும் அழியாது. பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தெருவில் ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. இதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு, சொல்வதற்கென்ன.

அந்தப் பெருமைக்கு முதல் அடி டாக்டர் மஹீன் கேட்ட கேள்வியில் விழுந்தது. "ஃபிட்ஸ் வரும்போது முதல்ல எந்தக் கை இழுக்கும்?" என்று அட்மிஷன் அன்று கேட்டார். ஜெயக்கொடி விழித்தாள். பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிற தாய்க்கு எந்தக் கை என்று தெரியவில்லை. டாக்டர் அதை எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள், பிறகு கால்வாசி.

"வேண்டாம்னா நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், வேணும்னு நின்னா வராது. நம்ம ஊர் பஸ்ஸு மாதிரிம்மா" என்றாள் மகிமா. கட்டுப் போட்ட தலையோடு, பின்னால் சடை மாதிரி தொங்கிய வயர்க் கற்றையோடு அவள் சிரித்தாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. சாண்ட்ரா வயர்களைச் சரிபார்த்துவிட்டுப் போனதும் மகிமா குரலைத் தாழ்த்தி, "இவங்க யாரும்மா, புதுசா?" என்று கேட்டாள். மூன்று நாளாகக் காலையும் மாலையும் வருகிறவள். ஜெயக்கொடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த பெண் இவள். பிறகு முகங்கள் மறக்கத் தொடங்கின. அப்புறம் வழிகள். கல்லூரி இரண்டாம் வருஷத்தில், பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தப்பி, ஐஸ் கம்பெனி வாசலில் அழுதுகொண்டு நின்றாள். அதோடு படிப்பை நிறுத்தினார்கள். எல்லாம் அந்த மாத்திரையால் வருகிற கேடு என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். மாத்திரையைத் திட்டுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

புதன் இரவு தூங்க விடக் கூடாது என்று உத்தரவு. வியாழக்கிழமையிலிருந்து மாத்திரை அடியோடு கிடையாது. பக்கத்து மேஜையில் ஊசி மருந்து ஒன்றைத் தயாராக எடுத்து வைத்துவிட்டுப் போனார் நர்ஸ். அது எதற்கு என்று ஜெயக்கொடி கேட்கவில்லை. ஆனால் வேறெங்கே பார்த்தாலும் கண் அங்கேயே போய் நின்றது.

வியாழன் பகல் ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுக்க ஆள் வந்தான். கதவை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்துவிட்டு, வெளியே நின்ற வண்டியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். மகிமா எச்சில் விழுங்கினாள். இன்னொரு தடவை விழுங்கினாள்.

ஜெயக்கொடிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பட்டன் தலைமாட்டில் இருந்தது. சாண்ட்ரா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவில் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது, ஒரு வேற்று ஆள் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மனசு முடிவு செய்வதற்குள் கை முடிவு செய்துவிட்டது. மடியிலிருந்த சாவிக்கொத்து மகளின் இடது கைக்குள் போனது. போர்வை தலைக்கு மேல் ஏறியது. கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலின் மேல் கவிழ்ந்து, அடியில் துள்ளும் உடம்பைத் தன் உடம்பால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வாசலில் நின்றவனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பட்டன் அடிக்காததால் பக்கத்து அறைத் திரையில் தாமதமாகவே கவனித்த சாண்ட்ரா ஓடி வந்து அவளைத் தோளைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. போர்வையோடு ஏழெட்டு வயர்களும் பிய்ந்து வந்தன. மகிமாவின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"இன்னா ஆண்ட்டி பண்ணிட்டீங்க!" என்றாள் சாண்ட்ரா. அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் என்று ஜெயக்கொடி நினைத்தாள். அது கோபமில்லை, பயம்.

நாலு மணிக்கு டாக்டர் மஹீன் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் அந்தப் பதிவை ஓட விட்டார். திரையில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. பச்சைப் பூப்போட்ட புடவை, அவிழ்ந்த கொண்டை, அதற்கு அடியில் போர்வையின் ஓரம். இரண்டு நிமிஷம் பத்து நொடிக்கு அதே முதுகுதான். கீழே அலை அலையாகக் கோடுகள் போய்க்கொண்டிருந்தன, பாதி கோடுகள் நடுவிலேயே கிறுக்கலாகிவிட்டன.

"இதுல என் பேஷண்ட் எங்கம்மா இருக்காங்க?" என்று கேட்டார் டாக்டர். அதட்டலாகக் கேட்கவில்லை. "எந்தக் கைன்னு தெரியல. முகம் தெரியல. வயரும் போச்சு. இதை வச்சு நான் கத்தியை எடுக்க முடியாது."

பிறகு திரையின் மூலையில் இருந்த சின்ன எண்ணைக் காட்டினார். விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து வருவது, ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் என்றார். தொண்ணூற்றேழில் தொடங்கியது. போர்வை ஏறியதும் எண்பத்து நாலு. எழுபத்தொன்று. அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு. சாண்ட்ராவின் கை திரைக்குள் வந்து போர்வையை இழுத்தது. எண் நின்றது, பிறகு மெதுவாக மேலே ஏறியது.

"வலிப்புல இவ்வளவு இறங்காது. கொஞ்சம் இறங்கும். மீதி, மூக்கையும் வாயையும் அடைச்சதால. வீட்லயும் இப்படித்தான் மூடுவீங்களா?"

"இல்ல டாக்டர். இங்கதான், ஏதோ பயத்துல." எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! பன்னிரண்டு வருஷப் பழக்கம், கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றது.

"நல்லது. ஏன்னா, வலிப்பு நேரத்துல மூச்சு நின்னு இறந்துபோறவங்க உண்டு. இதை எல்லாக் குடும்பத்துக்கும் சொல்றேன், உங்களுக்கும் சொல்லணும்."

ஜெயக்கொடி எழுந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். "டாக்டர், இவளுக்கு ஆளு மறக்குது, வழி மறக்குது. அது மாத்திரையாலதான?"

டாக்டர் நாற்காலியைத் திரையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார். "மாத்திரை ஒரு காரணம். வலிப்பும் ஒரு காரணம். வருஷக்கணக்கா ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இந்த அளவுக்கு இறங்கியிருந்தா..." என்று நிறுத்தி, அவளைப் பார்த்தார். "நீங்கதான் வீட்ல மூடலைன்னு சொல்றீங்களே."

வராந்தாவில் நடக்கும்போதே கணக்குப் போட்டாள். மாதத்துக்கு நாலு என்றால் வருஷத்துக்கு எத்தனை? அதற்கு மேல் போக அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. 

சாயங்காலம் புதிதாக வயர் ஒட்டும்போது மகிமா அந்தப் பதிவைத் தனக்கும் காட்டச் சொன்னாள். டாக்டர் அனுமதித்ததும் சாண்ட்ரா கொண்டுவந்து காட்டினாள். தனக்கு வலிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண் ஒரு தடவையும் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷம் பத்து நொடியும் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நான் எங்கம்மா இதுல?" என்றாள் கடைசியில்.

ஜெயக்கொடி கலைந்து கிடந்த போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

"நாளைக்கு அப்பா வந்து இருக்கட்டும். நீ வெளிய இரும்மா."

"ஏட்டி, இனிமே தொட மாட்டேன். சத்தியமாச் சொல்லுதேன், சேர்ல இருந்து எந்திரிக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியாமலே உன் கை வந்துரும்மா." மகிமா கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது தாய்க்கு.

வெள்ளிக்கிழமை காலையில் சாலமோன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். மாலை ஐந்து மணிக்கு வயர்களைக் கழற்றிவிடுவார்கள். ஜெயக்கொடி பக்கத்து அறையில், சாண்ட்ராவின் திரைகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நோயாளியின் ஆட்கள் அங்கே உட்காரக் கூடாது என்பது விதி. சாண்ட்ராவே ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. திரையில் சாலமோன், சாண்ட்ரா எழுதிக் கொடுத்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மகிமா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக ஜெயக்கொடியின் ஜெபம் முழுசாக வந்தது. வரட்டும் ஆண்டவரே, வரட்டும்.

மூன்றே காலுக்கு மகிமா எச்சில் விழுங்கினாள்.

ஜெயக்கொடி எழுந்தேவிட்டாள். சாண்ட்ரா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள், பிடித்த பிடியை விடவுமில்லை. திரையில் சாலமோன் இரண்டு கட்டைவிரலாலும் பட்டனை அமுக்கினார். போர்வையை உருவித் தரையில் போட்டார். சுவரோடு ஒட்டி நின்று காகிதத்தைப் பார்த்து, "உன் பேரு என்னம்மா? உன் பேரு என்ன?" என்று கேட்டார். 

மகிமாவின் இடது கை மெதுவாக முறுக்கிக்கொண்டது. விரல்கள் வளைந்து விறைத்து நின்றன. வலது கை விரிப்பைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் ஜெயக்கொடி முதல் தடவையாக மகளின் முகத்தை அந்த நேரத்தில் நேருக்கு நேர், முழுசாகப் பார்த்தாள். கண் மூடியிருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். கண் அகலத் திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் வழக்கமாக உட்காரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது.

சாண்ட்ரா மறு கையால் சத்தத்தைக் கூட்டினாள்.

"மூடாதம்மா" என்றாள் மகிமா. தெளிவாக, பக்கத்தில் நின்று பேசுவதுபோல. "மூடாத. மூடாதம்மா. மூடாத."

"பேசுது!" சாண்ட்ரா துள்ளி எழுந்தாள். "டாக்டர்! ஃபிட்ஸ்ல பேசுது, வந்து பாருங்க!"

டாக்டர் மஹீன் ஓடி வந்து திரைக்கு முன்னால் குனிந்தார். அதற்குள் உடம்பு முழுக்க இழுக்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் ஊசியோடு உள்ளே போனார். இரண்டு நிமிஷத்துக்குள் அடங்கிவிட்டது, ஊசி தேவைப்படவில்லை. மூலையில் இருந்த எண் எண்பத்தெட்டுக்குக் கீழே போகவேயில்லை.

டாக்டர் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டினார். மூன்று தடவை அந்த அறையில் மகிமாவின் குரல் கேட்டது. மூன்று தடவையும் ஜெயக்கொடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சேதிம்மா" என்று டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "இடது கை முறுக்குது, அப்படின்னா மூளையில வலது பக்கம். அலையும் அங்கதான் கிளம்புது. இழுப்பு நடக்கும்போதே இவ்வளவு தெளிவா பேசுறாங்க பாருங்க, அதுவும் அதையேதான் சொல்லுது. பேச்சு இருக்கிற பக்கத்தை அது தொடல. இன்னும் ஒண்ணு ரெண்டு டெஸ்ட் இருக்கு. ஆனா ஆபரேஷனுக்கு வழி இருக்குன்னு தோணுது." ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார். "ஒண்ணே ஒண்ணு உறுதிப்படுத்திக்கணும். இன்னைக்கு மட்டும்தான் பேசினாங்களா, இல்ல எப்பவுமேவா? யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி ஃபிட்ஸ் நேரத்துல பேசியிருக்காங்களா?"

இல்லை என்ற சொல் ஜெயக்கொடியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் சாண்ட்ரா நின்றாள், காசிமேட்டுப் பெண், கடைக்கு வருகிறவரின் மகள்.

"பேசுவா டாக்டர்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மொதல்ல இருந்தே. சின்னப் புள்ளையில இருந்தே."

"என்ன பேசுவாங்க? இதே மாதிரியா?"

"வார்த்தை வெளங்காது."

"ஏன்?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "தெருவுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு போர்வைக்கு மேலயே வாயப் பொத்திருவேன்."

டாக்டரின் பேனா நின்றது. பிறகு அவர் அதையும் எழுதிக்கொண்டார்.